மீட்டர் பேனலில் நான் முடுக்கிய ஸ்க்ரூ

ராசா,

திங்கட்கிழமை காலையில் நீ ஓசூருக்குப் புறப்படுகிறாய். முதல் வேலை, புது ஊர், தனி அறை. எல்லாவற்றுக்கும் சந்தோஷப்பட வேண்டியவள்தான் நான். ஆனால் நீ நம் பழைய காரை எடுத்துப்போகிறேன் என்று சொன்ன நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. உன் அப்பா இரண்டு தடவை கேட்டுவிட்டார், உடம்புக்கு என்ன என்று. உடம்புக்கு ஒன்றும் இல்லை. எனக்குப் பயமாக இருக்கிறது, அவ்வளவுதான். எதற்குப் பயம் என்று உன்னிடம் நேரில் சொல்லப் பார்த்தேன். நீ எதிரில் வந்து உட்கார்ந்ததும் இட்லி போதுமா, இன்னொரு போர்வை வேண்டுமா என்றுதான் வாய் பேசியது. அதனால் எழுதுகிறேன். உன் பையில் மடித்த சட்டைகளுக்கு நடுவே இதை வைத்துவிடுவேன். ஓசூர் போய்ச் சேர்ந்து, காரை நிறுத்தி, சாவியை எடுத்த பிறகு படித்துக்கொள்.

போன ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய்வந்ததும் நீ வாசலில் காரைத் திறந்துபோட்டுக்கொண்டு உட்கார்ந்தாய். ஒரு வருஷமாக மீட்டருக்குள் விளக்கு எரியவில்லை. அதனால்தான் நான் பொழுது சாய்வதற்குள் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்திவிடுவேன். நீ நெடுஞ்சாலையில் போகிறவன், விளக்கு இல்லாமல் முடியாது. ஸ்டியரிங்குக்கு மேலே மீட்டரைச் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் பேனலின் ஸ்க்ரூக்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, ஒரு பனியன் துணியில் வரிசையாக வைத்தாய். பேனலை இரண்டு கையாலும் பிடித்து நீ இழுத்தபோது அது 'டப்'பென்று ஒரு சத்தத்தோடு கழன்றது. உள்ளே கருப்பும் சிவப்புமாக ஒயர்கள் தொங்கின. நான் வாசற்படியில் நின்றுகொண்டிருந்தேன்.

"அம்மா, இந்த டார்ச்சைக் கொஞ்சம் பிடிங்க. இந்த ஒயரு எங்க போகுதுன்னே தெரியல" என்றாய்.

"அடுப்புல சோறு கிடக்குய்யா. அப்பாவைக் கூப்பிடு."

"ரெண்டு நிமிஷ வேலைதானுங்கம்மா. இதுக்குப் போயி மெக்கானிக்கு எதுக்குங்க?"

அடுப்பில் சோறு எதுவும் இல்லை. நான் சமையலறைக்குள் போய் அலமாரியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நீ கேட்டாயே, 'இதுக்குப் போயி மெக்கானிக்கு எதுக்கு' என்று, அதே வார்த்தையை ஒன்பது வருஷத்துக்கு முன் இதே வாசலில் நான் சொல்லியிருக்கிறேன். அதைத்தான் உனக்குச் சொல்ல வேண்டும்.

அப்போது உனக்குப் பன்னிரண்டு வயது. வீரபாண்டியில் இந்த வீட்டின் முன்பக்கத்தில் ஆறு தையல் மெஷின் போட்டு நான் ஜாப் வொர்க் எடுக்க ஆரம்பித்த புதிது. கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து வந்து, பனியன் கம்பெனியில் துணி ஓரம் தைக்கும் ஓவர்லாக் மெஷினில் பத்து வருஷம் உட்கார்ந்து, பிறகு சொந்தமாகத் தொடங்கியது. உன் அப்பா வேறொரு கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். கத்திரி பிடித்தால் நூல் பிசகாது, ஆனால் சைக்கிளைத் தவிர எதையும் ஓட்டமாட்டார். தைத்த பீஸ்களை அயர்னிங்குக்குக் கொண்டுபோக வண்டி வேண்டியிருந்தது. நான்தான் டிரைவிங் கற்றுக்கொண்டேன். இந்த லைன் வீடுகளில் கார் ஓட்டிய முதல் பெண் நான். அந்தக் கர்வம் எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது. மெஷின் நின்றால் மெக்கானிக் வரும்வரை காத்திருக்கமாட்டேன். தட்டைக் கழற்றி, நூல் வளையம் போடும் லூப்பரைச் சரிசெய்து, நானே ஓட்டிவிடுவேன். மெஷினைத் திறக்கிற கைக்குக் காரைத் திறப்பது பெரிய வேலையா என்று நினைத்துவிட்டேன்.

பெட்ரோல் முள் அசையாமல் நின்றுவிட்டது. ஒரு நாள் மதியம் மெஷின் ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டுபோய் அந்தப் பேனலை நானே கழற்றினேன். பின்னால் ஒரு ஒயர் லூசாக இருந்தது. அதை அழுத்திவிட்டதும் முள் எழுந்து நின்றது. எனக்கு அவ்வளவு சந்தோஷம். திரும்ப மாட்டும்போது நான்கு ஸ்க்ரூவில் ஒன்று கைதவறி டேஷ்போர்டுக்குள் எங்கேயோ விழுந்துவிட்டது. தேடினேன், கிடைக்கவில்லை. உள்ளே போய் மெஷின் சாமான் போட்டுவைக்கும் டப்பாவிலிருந்து ஒரு ஸ்க்ரூவை எடுத்துவந்தேன். அதே பருமன், நீளம் மட்டும் அதிகம். திருப்பித் திருப்பிப் போனது. கடைசியில் கொஞ்சம் அடம்பிடித்தது. உள்ளே எதன்மேலோ முட்டுகிறது என்று என் விரலுக்குத் தெரிந்தது. தெரிந்தும், இன்னும் அரைச் சுற்று அழுத்தித் திருப்பினேன். பேனல் ஆடாமல் கச்சிதமாக உட்கார்ந்தது. உன் அப்பா மெக்கானிக்கிடம் காட்டலாமே என்று கேட்டபோதுதான் அந்த வார்த்தையைச் சொன்னேன். ஸ்க்ரூ மாறியதை மட்டும் அவரிடம் சொல்லவில்லை.

அந்த அரைச் சுற்றை நினைக்காத நாள் எனக்கு இல்லை, ராசா. ஒரு பொருள் உள்ளே போகமாட்டேன் என்று சொன்னால் அதைக் கேள். உன் கையைவிட அதற்குத்தான் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியும்.

மூன்று வாரம் ஒன்றும் நடக்கவில்லை. உனக்கு முழுப்பரீட்சை லீவு விட்டிருந்தது. ஊத்துக்குளிக்குப் பக்கத்தில் ஒரு அயர்னிங் யூனிட்டுக்குக் குழந்தைகள் டீசர்ட் கொண்டுபோக வேண்டும். நானும் வருவேன் என்று நீ முன்சீட்டில் ஏறிக்கொண்டாய். பின்சீட்டு முழுக்கக் கூரைவரை பண்டல். இடம் போதாமல் உன் காலடியில் ஒன்று, மடியில் ஒன்று. உன் பக்கத்துக் கதவின் உள்கைப்பிடி உடைந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. எங்கே போனாலும் நான் இறங்கிச் சுற்றிவந்து வெளியிலிருந்துதான் உனக்குத் திறந்துவிடுவேன். அடுத்த வாரம் மாற்றலாம், அடுத்த வாரம் மாற்றலாம் என்று விட்டிருந்தேன். அதுவும் என் தப்புதான்.

ஊத்துக்குளி ரோட்டில் பாதி வந்திருப்போம். பிளாஸ்டிக் தீய்கிற வாடை வந்தது. "அம்மா, எதோ கருகுதுங்க" என்று நீதான் முதலில் சொன்னாய். வெளியே எங்கேயோ குப்பை எரிக்கிறார்கள் என்றேன். சொல்லி முடிப்பதற்குள் மீட்டருக்குள்ளிருந்து வெள்ளையாக ஒரு நூல் புகை எழுந்தது. அடுத்த நொடி அது கருப்பாக மாறி என் முகத்தில் அடித்தது. ஓரமாகப் பிரேக் போட்டேன். ஹாரன் தானாக அலறத் தொடங்கியது. புகைக்குள் சிவப்பாக ஏதோ மினுக்கியதைப் பார்த்தேன். பின்னால் முழுக்கப் பருத்தித் துணி.

இப்போது எழுதப்போவதை ஒன்பது வருஷமாக நான் யாரிடமும் சொன்னதில்லை. நான் என் பக்கக் கதவைத் திறந்தேன். இறங்கினேன். ஓடினேன். உன்னைத் தூக்க உன் பக்கமாக ஓடவில்லை. எதிர்ப்பக்கமாக, ரோட்டைக் குறுக்கே தாண்டி ஓடினேன். ஒரு லாரி என்னை உரசிக்கொண்டு போனது. அந்தப் பக்கத்து வேலியில் போய் இடித்துக்கொண்ட பிறகுதான் நின்றேன். அதுவரை எனக்கு ஒரு மகன் இருப்பதே என் நினைவில் இல்லை. திரும்பிப் பார்த்தேன். கண்ணாடிக்குப் பின்னால், புகைக்கு நடுவே உன் முகம் தெரிந்தது. நீ கத்தவில்லை. கதவைத் தட்டவும் இல்லை. மடியில் அந்தப் பண்டலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

எத்தனை நேரம் அப்படி நின்றேன் என்று தெரியாது. நாலு மூச்சு இருக்கலாம். பிறகு ஓடிவந்து உன் கதவைத் திறந்து, பண்டலோடு சேர்த்து உன்னை வெளியே இழுத்தேன். இரண்டு பேரும் மண்ணில் விழுந்தோம். அதற்குள் பால் கேன் ஏற்றிய ஒரு வேன் பின்னால் வந்து நின்றது. ஓட்டிவந்த பெரியவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார்.

"அம்மிணி, பையனைக் கூட்டீட்டு அக்கட்டால போங்க! கிட்ட வராதீங்க!" என்று கத்தினார். பானெட்டைத் திறந்து, துண்டைக் கையில் சுற்றிக்கொண்டு, பேட்டரி ஒயரை ஒரே இழுப்பில் பிடுங்கினார். ஹாரன் நின்றது. இரண்டு கை மண்ணை அள்ளி மீட்டர் மேல் வீசினார். மறுபடி மறுபடி வீசினார். புகை மெல்ல அடங்கியது. "ஒயருதானுங்க எரிஞ்சிருக்குது. இன்னும் ரெண்டு நிமிஷம் போயிருந்தா துணி பத்தியிருக்குமுங்க. சாமி புண்ணியம், பையன் தப்பிச்சுது" என்றார். நீ அவரைப் பார்த்துச் சிரித்தாய். "எங்கம்மா என்னை இழுத்துட்டாங்க" என்றாய்.

அதையேதான் எல்லோரிடமும் சொன்னாய். அப்பாவிடம், லைன்வீட்டுக்காரர்களிடம், பள்ளிக்கூடத்தில் டீச்சரிடம். 'புகைக்குள்ள வந்து எங்கம்மா என்னைக் காப்பாத்துனாங்க.' ஒவ்வொரு தடவை நீ அதைச் சொல்லும்போதும் நான் எழுந்து வேறு வேலைக்குப் போய்விடுவேன். அடக்கம் என்று நினைத்தார்கள். எதிர்ப்பக்கம் நின்ற அந்த நாலு மூச்சு உனக்கு நினைவில்லை, புகையில் நீ சரியாகப் பார்க்கவில்லை என்று நான் நம்பிக்கொண்டேன். அப்படி நம்ப எனக்கு ஆசையாக இருந்தது.

அடுத்த தப்பு மறுநாள் நடந்தது. வண்டியைக் கட்டி இழுத்துவந்து வாசலில் நிறுத்தியிருந்தோம். கார் எலக்ட்ரீஷியன் சிக்கந்தர் பாயை உனக்குத் தெரியும், வீரபாண்டிப் பிரிவில் கடை வைத்திருப்பவர். நெருப்புக்கு ஒரு மாதம் முன்பு அவர்தான் ஹாரனுக்குப் புது ஒயர் போட்டுக் கொடுத்திருந்தார். உன் அப்பா அவரைக் கையோடு கூட்டிவந்தார். வழி முழுக்கத் திட்டிக்கொண்டே வந்திருப்பார் போல. பாய் காருக்குள் உட்கார்ந்து, கருகிய பேனலைக் கழற்றினார். அப்பா தண்ணீர் எடுக்க உள்ளே போனார். பாய் எதையோ குறடால் திருகி எடுத்துத் தன் உள்ளங்கையில் வைத்து என்னிடம் நீட்டினார்.

"அக்கா, இது கார் ஸ்க்ரூ இல்லீங்க. ஓவர்லாக் மெஷின்ல வர்றது. இதோட முனை ஒயரைத் துளைச்சிருக்குதுங்க."

நுனியில் செம்பு ஒட்டியிருந்தது. "பாய், அவுககிட்ட சொல்லிராதீக" என்றேன். அவர் பதில் சொல்வதற்குள் அப்பா வந்துவிட்டார்.

"என்ன ஆச்சு?"

"ஒயரு நசுங்கியிருக்குதுங்க" என்றார் பாய்.

"நீ ஹாரனுக்கு ஒயர் இழுத்தப்பவே நசுக்கிட்ட. எம்புள்ள உசுரு போயிருக்கும்யா!"

பாய் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் பேசுவேன் என்று காத்திருந்தார். நான் தரையைப் பார்த்தேன். அவர் அந்த ஸ்க்ரூவைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். எரிந்த ஒயரை எல்லாம் மாற்றிக்கொடுத்துவிட்டுப் போனார். உன் அப்பா தெருவில் கார் வைத்திருக்கிற ஒவ்வொரு யூனிட்டுக்காரரிடமும் சொன்னார், அந்தக் கடைக்குப் போகாதீர்கள் என்று. நான் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ பேனலைத் திரும்ப மாட்டி, விளக்குப் போட்டுக் காட்டியபோது மீட்டர் பச்சையாக ஒளிர்ந்தது. நீ கை தட்டினாய். எனக்கு ஊத்துக்குளி ரோடுதான் தெரிந்தது. திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் தையலே ஓடவில்லை. பீஸில் கழுத்துப்பட்டியை இரண்டு தடவை தலைகீழாக வைத்துத் தைத்தேன். புதன்கிழமை நீ சிநேகிதர்களைப் பார்க்கப் பொங்கலூர் போயிருந்தாய் அல்லவா, அன்று காலை உன் அப்பாவிடம், "லீவு போடுங்க, ஒரு இடத்துக்குப் போவணும்" என்றேன். காரை எடுத்துக்கொண்டு நேராகச் சிக்கந்தர் பாய் கடைக்குப் போனேன். ஒன்பது வருஷத்தில் அந்தக் கடை வழியாகப் போகும்போதெல்லாம் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு போனவள் நான்.

பாய்க்குத் தாடி நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். உட்காரச் சொல்வதற்கு முன்பே, அப்பாவை வைத்துக்கொண்டு, எல்லாவற்றையும் சொன்னேன். விழுந்த ஸ்க்ரூ, டப்பாவிலிருந்து எடுத்த ஸ்க்ரூ, நான் திருப்பிய அரைச் சுற்று, சொல்லாதீர்கள் என்று கெஞ்சியது. உன் அப்பாவின் முகம் சுண்டிப்போயிற்று. பாய் மன்னித்துவிட்டேன் என்று சொல்வார் என்று நான் எதிர்பார்த்திருந்தேன் போலிருக்கிறது. அவர் அப்படிச் சொல்லவில்லை.

"ரெண்டு வருஷம் உங்க லைன்ல இருந்து ஒரு வண்டி எங்கடைக்கு வரலீங்கக்கா" என்றார். "பையனைக் கொல்லப் பாத்தவன்னு எம்பொண்ணுகிட்டயே பள்ளிக்கூடத்துல சொல்லியிருக்காங்க. அது வந்து எங்கிட்டக் கேட்டுச்சு, நெசமாப்பான்னு. இப்ப வந்து சொல்றீங்க. நான் என்னங்க பண்றது?"

உன் அப்பா எழுந்து, "பாய், தெருத்தெருவாச் சொன்னது நாந்தான். அதே தெருவுல நானே போய்த் திருப்பிச் சொல்லுதேன்" என்றார். சொன்னபடியே நேற்றும் இன்றும் ஒவ்வொரு யூனிட்டாக ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறார். நீ கேட்டபோது பாக்கி வேலை என்று சொன்னாரே, அதுதான். நானும் இன்று சாயங்காலம் அவரோடு போகப்போகிறேன்.

பாய் வெளியே நின்ற காரைப் பார்த்தார். பிறகு, "வண்டியை எதுக்குங்க கொண்டாந்தீங்க?" என்று கேட்டார். நீ பேனலைக் கழற்றியதைச் சொன்னேன். முதலில் பேட்டரி ஒயரைக் கழற்றிவைத்துவிட்டு, பிறகு உள்ளே உட்கார்ந்தார். நீ அதைச் செய்யவில்லை, ராசா. நான் வாசற்படியிலிருந்து பார்த்தேன், சொல்ல வாய் வரவில்லை. இனி எப்போது டேஷ்போர்டைத் திறந்தாலும் அதை முதலில் செய். எந்த ஸ்க்ரூ எந்த ஓட்டையிலிருந்து வந்தது என்று ஒரு அட்டையில் படம் வரைந்து குத்திவை, தொலைந்தால் அதே அளவு கிடைக்கும்வரை ஓட்டை காலியாகவே இருக்கட்டும், பேனல் கடகடவென்று ஆடினாலும் பரவாயில்லை. பாய் டார்ச் அடித்து வெகு நேரம் பார்த்தார். "தம்பி சுத்தமாத்தான் வேலை செஞ்சிருக்குது. ஸ்க்ரூ நாலும் சரியானதுதாங்க" என்றார். எனக்கு மூச்சு வந்தது. அடுத்து, "இந்த ஒரு எடந்தான்" என்றார். விளக்குக்குப் போகிற ஒயர் ஒரு தகட்டு விளிம்பின்மேல் படுத்திருந்தது. வண்டி அதிர அதிர அது தேயும். இன்றைக்கு ஒன்றும் ஆகாது. ஒரு மாதம் கழித்து, ஓசூருக்கும் கிருஷ்ணகிரிக்கும் நடுவே எங்கேயாவது ஆகியிருக்கும். அவர் அதற்கு ஒரு ரப்பர் குழாய் மாட்டி, தகட்டைத் தொடாமல் தூக்கிக் கட்டினார். பிறகு எனக்கு டீ சொன்னார்.

திரும்பி வரும்போதுதான் உன் அப்பாவிடம் மற்றதையும் சொன்னேன். ஸ்க்ரூவைச் சொல்லிவிட்டேன், இதை வைத்துக்கொண்டு என்ன செய்ய என்று தோன்றியது. ஓரமாக வண்டியை நிறுத்திவிட்டு, "அன்னைக்கு நான் அவனை விட்டுட்டு ஓடிட்டேன்" என்றேன். அவர் என்னைத் திட்டுவார் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"தெரியும்" என்றார்.

நான் திரும்பிப் பார்த்தேன்.

"அவன் அன்னைக்கே எங்கிட்டச் சொல்லிட்டான். 'அம்மா பயந்து ஓடிட்டாங்கப்பா, அப்புறம் திரும்பி வந்துட்டாங்க. நான் சொன்னேன்னு அம்மாகிட்டச் சொல்லிராதீங்க, அழுவாங்க'ன்னான். நான் சொல்லல."

ராசா, அந்த இடத்திலேயே, ஸ்டியரிங்கில் தலையை வைத்து நான் அழுதேன். பன்னிரண்டு வயதுப் பிள்ளை எல்லாவற்றையும் பார்த்திருக்கிறாய். தாய் தன்னை விட்டுவிட்டு ஓடுவதைக் கண்ணாடி வழியாகப் பார்த்திருக்கிறாய். அதை வைத்துக்கொண்டு, ஊரெல்லாம் போய் எங்கம்மா காப்பாற்றினாள் என்று சொல்லியிருக்கிறாய். என்னைத் தலைகுனிய விடக்கூடாது என்று அத்தனை வருஷமும் அந்தக் கதையைப் பிசகாமல் சொல்லியிருக்கிறாய்.

உன்னை நினைத்துப் பெருமைப்படுகிறேன் என்று எழுதலாம். எழுதினால் பாதி பொய். எனக்கு முன்னைவிடப் பயம் கூடிவிட்டது. காரைப் பற்றிய பயத்தைப் பாய் பாதி எடுத்துவிட்டார். இது வேறு பயம். இவ்வளவு பெரிய ஒன்றை முகத்தில் காட்டாமல் மறைக்கத் தெரிந்த பிள்ளை நீ, ஓசூரில் காய்ச்சலில் கிடந்தாலும், வேலையிடத்தில் எவனாவது அவமானப்படுத்தினாலும், சாப்பிடாமல் படுத்தாலும், போனில் என்னிடம் "நல்லாயிருக்கேனுங்கம்மா" என்றுதான் சொல்வாய். நான் நம்பிவிட்டுப் போனை வைப்பேன். இத்தனை நாள் நான் கேட்ட 'நல்லாயிருக்கேன்' எல்லாம் எத்தனை உண்மை, எத்தனை எனக்காகச் சொன்னது என்று இந்த மூன்று நாளாக யோசித்துப் பார்க்கிறேன். எனக்குக் கணக்குத் தெரியவில்லை.

அதனால் உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். என்னை இனிமேல் காப்பாற்றாதே. நான் அழுவேன் என்பதற்காக எதையும் மறைக்காதே. அழுதால் அழுதுவிட்டுப் போகிறேன், கண்ணைத் துடைத்துக்கொள்ள எனக்குத் தெரியும். பயமாக இருந்தால் பயமாக இருக்கிறது என்று சொல். எந்த நேரமானாலும் கூப்பிடு, போனைத் தலைமாட்டில்தான் வைத்திருப்பேன். நான் தைரியசாலி இல்லை, அது உனக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். பயம் வந்தால் என் கால் எந்தப் பக்கம் ஓடும் என்று இன்றைக்கும் எனக்கே தெரியாது. ஆனால் திரும்பி வருவேன். அதையும் நீ பார்த்திருக்கிறாய்.

அம்மா